பேச்சி சித்தி ஏன் வீட்டுக்கு வருவதில்லை

பாப்பா,

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்டதற்கு நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. ஓசூர் கம்பெனியில் உனக்கு லைன் முழுவதையும் பார்த்துக்கொள்ளும் பொறுப்பைக் கொடுத்ததும் இனிப்பு வாங்கி அக்கம்பக்கத்து வீடுகளுக்கெல்லாம் கொடுத்தேன். இரண்டு மாதம் கழித்து நீ அழுகிற குரலில் பேசுவாய் என்று நினைக்கவில்லை. "அம்மா, நித்யாவும் நானும் ஒரே ரூம்ல கெடந்தோம். இப்ப அவ எனக்குக் கீழ வேலை பாக்கா. அவ வேலை சரியில்லம்மா. சொன்னா கோவிச்சுக்கிடுதா, சொல்லலைன்னா மத்தவங்க என்னையப் பாக்காங்க. நான் கேன்டீனுக்குள்ள போனாலே பேச்சு நின்னு போகுது. நீயும் மில்லுல சூப்பர்வைசரா இருந்தவதான, நீ எப்படிம்மா சமாளிச்ச?" என்று கேட்டாய். நான் "பாத்துப் பக்குவமா நடந்துக்கோ பாப்பா, சாப்பிட்டியா?" என்று கேட்டு வைத்துவிட்டேன். உன் அப்பா போன பிறகு எனக்குப் போனில் நீளமாகப் பேசவே வருவதில்லை. பேச ஆரம்பித்தால் எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் போய்விடும் என்ற பயம். எழுதினால் நிதானமாகச் சொல்லலாம்.

நீ கேட்டதற்குப் பதில் சொல்ல வேண்டுமென்றால் பேச்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ப்ளஸ் டூ படிக்கும்போது நீ பலமுறை கேட்டிருக்கிறாய், பேச்சி சித்தி ஏன் இப்போதெல்லாம் வீட்டுக்கு வருவதில்லை என்று. அவளுக்கு உடம்பு சரியில்லை, வேலை மாறிவிட்டாள், அவள் பையனுக்குப் பரீட்சை என்று ஒவ்வொரு தடவையும் ஒன்று சொன்னேன். உன் கல்யாணத்துக்கு அவளுக்குப் பத்திரிகை அனுப்பினேனா என்று மண்டபத்தில் வைத்து நீ கேட்டபோது "அனுப்புனேன்" என்று மட்டும் சொன்னேன். அனுப்பியது உண்மைதான். அவள் ஏன் வரவில்லை என்பதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அதற்குக் காரணம் இருந்தது. இப்போது அந்தக் காரணம் இல்லை. அதனால் உனக்குச் சொல்கிறேன்.

நானும் பேச்சியும் ராஜபாளையம் மில்லில் ஒன்றாகத்தான் வேலைக்குச் சேர்ந்தோம். நான் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ் பிடித்துப் போவேன், அவள் எதிர்த்திசையில் சேத்தூரிலிருந்து வருவாள். மில் வாசலில் யார் முதலில் இறங்கினாலும் மற்றவளுக்காக நிற்போம். எங்களுக்கு நூற்புப் பகுதியில் சைடு பார்க்கிற வேலை. நீளமான மெஷின் ஒன்றின் இரண்டு பக்கமும் நடந்துகொண்டே இருக்க வேண்டும். மேலே பஞ்சுத் திரி சுற்றிய பாபின்கள் தொங்கும். அந்தத் திரி முறுக்கேறி நூலாகிக் கீழே இறங்கும். நடுவில் இழை அறுந்தால் கண் இமைக்கிற நேரத்தில் பிடித்து ஒட்ட வேண்டும். மேலே திரி தீர்ந்தால் வேறு பாபின் மாட்ட வேண்டும். சத்தத்தில் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்காது. ஆனாலும் பேச்சி பேசுவாள். அவள் உதடு அசைவதைப் பார்த்தே அவள் யாரைக் கேலி செய்கிறாள் என்று எனக்குத் தெரிந்துவிடும். உன் அப்பா பட்டாளத்தில் எங்கோ பனியில் இருந்தார். வீட்டில் நீயும் நானும்தான். உனக்குக் காய்ச்சல் வந்தபோது இரண்டு ஷிப்ட் சேர்த்துப் பார்த்து என்னை வீட்டுக்கு அனுப்பியவள் அவள். அவள் புருசன் குடும்பத்தை விட்டுப் போனபோது அவளையும் இரண்டு பிள்ளைகளையும் நம் வீட்டில்தான் வைத்துக்கொண்டேன். உனக்கு அது ஞாபகமிருக்கும்.

பிறகு மில்லில் பெண்கள் அதிகமானார்கள். பெண்கள் ஷிப்டுக்குப் பெண்ணையே சூப்பர்வைசராகப் போடலாம் என்று நிர்வாகம் முடிவு செய்து என்னைக் கூப்பிட்டது. எனக்கு எழுதப் படிக்க நன்றாக வரும், லீவு போடமாட்டேன் என்பதைத் தவிர வேறு தகுதி எதுவும் எனக்குத் தெரியவில்லை. சூப்பர்வைசருக்கான நீல நிறக் கோட்டை வாங்கிப் போட்டுக்கொண்டு மறுநாள் சாப்பாட்டு அறைக்குள் போனேன். நீ போனில் சொன்ன அதே விசயம்தான் நடந்தது. பேச்சு நின்றுவிட்டது. நேற்று வரை என் டப்பாவில் கைவிட்டு அப்பளம் எடுத்தவர்கள் தங்கள் டப்பாவை இன்னும் கொஞ்சம் பக்கத்தில் இழுத்துக்கொண்டார்கள். அவர்கள் மேல் தப்பு இல்லை. மேனேஜரைப் பற்றியும் மெஷின் வேகத்தைப் பற்றியும் வாயார ஏசுவதற்கு அவர்களுக்கு இருந்தது அந்த ஒரு இடம்தான். நான் உட்கார்ந்தால் அது போய்விடும். பேச்சி மட்டும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "மேடம், ஒங்க கத்தரிக்கா கூட்டுல உப்பு இல்லையே மேடம், இத யாருகிட்ட எழுதிக் குடுக்கணும்?" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். அவள் மட்டும் இல்லையென்றால் அந்த வாரமே கோட்டைக் கழற்றிக் கொடுத்திருப்பேன்.

உன் அப்பாவிடம் போனில் சொன்னேன். "பட்டாளத்துலயும் அப்படித்தான். கூட இருந்தவன் சட்டைக் கையில ஒரு பட்டை அதிகமா வாங்கிட்டாம்னா அன்னையிலயிருந்து அவன் தனி ஆளு. அழுது என்ன செய்ய?" என்றார். ஆறுதல் சொல்ல அவருக்கு எப்போதுமே தெரியாது. ஆனால் சொன்னது சரிதான் என்பது போகப்போகத் தெரிந்தது.

எங்கள் மேனேஜர் கெட்டவர் இல்லை பாப்பா. கோயம்புத்தூர் பக்கத்துக்காரர், வேலை தெரிந்தவர். ஆனால் ஒருவரைத் திட்டுவதென்றால் நாலு பேரை வைத்துக்கொண்டுதான் திட்டுவார். நாலு பேருக்கும் பயம் வரும் என்பது அவர் கணக்கு. பயம் வந்தது. பயம் வந்ததும் எல்லாரும் ஒளிக்க ஆரம்பித்தார்கள். அறுந்து வீணான பஞ்சைத் துணிக்குள் சுருட்டி வெளியே கொண்டுபோனார்கள். மெஷினில் ஏதாவது சத்தம் மாறினால் நம் ஷிப்ட் முடியும்வரை தாங்கட்டும் என்று இருந்தார்கள். அப்படிச் செய்யக் கூடாது என்பதைத்தான் நான் அவரிடம் கற்றுக்கொண்டேன். ஒருத்தியிடம் ஒரு தப்பைச் சொல்ல வேண்டுமென்றால் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, உட்கார வைத்துச் சொல்வேன். சொல்லி முடித்த பிறகு அதைத் திரும்பத் திரும்பக் கிண்ட மாட்டேன். என் ஷிப்டில் மெல்ல மெல்ல, "மேடம், இங்க ஒண்ணு தப்பாப் போச்சு" என்று தாங்களாகவே வந்து சொல்ல ஆரம்பித்தார்கள். உன் லைனில் யாராவது ஒருத்தி அப்படித் தானாக வந்து சொன்னால் நீ சரியான வழியில் போகிறாய் என்று வைத்துக்கொள். அவள் சொல்லும்போது உன் முகம் மாறாமல் பார்த்துக்கொள்.

அந்த நேரத்தில்தான் நூல் கலந்த விவகாரம் வந்தது. நாங்கள் ஒரே ஹாலில் இரண்டு நம்பர் நூல் ஓட்டிக்கொண்டிருந்தோம், ஒன்று தடித்தது, ஒன்று மெல்லியது. இரண்டும் கலந்துவிடக் கூடாது என்று திரிக்கு வேறு வேறு நிறத்தில் பாபின் வைத்திருப்பார்கள். தடித்ததற்கு வெள்ளை, மெல்லியதற்கு இளமஞ்சள். யாரோ மஞ்சள் ஓட வேண்டிய மெஷினில் வெள்ளையை மாட்டிவிட்டார்கள், அதுவும் ஒரு தடவை இல்லை, பல தடவை. நூலாகப் பார்க்கும்போது கண்ணுக்குத் தெரியாது. வாங்கியவர்கள் நெய்து சாயம் போட்ட பிறகு துணியில் வரி வரியாக விழுந்திருக்கிறது. துணியையே திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

மேனேஜர் அந்தத் துணியை ஹால் வாசலில் மேசை மேல் விரித்துப் போட்டு, ஷிப்ட் மாறுகிற நேரத்தில், வெளியே போகிறவர்களும் உள்ளே வருகிறவர்களும் நிற்க, என்னைக் கூப்பிட்டார். "உங்க ஷிப்டுலதான் கலந்திருக்கு. எந்த மெஷின்னு எனக்குத் தெரியும். அந்த சைடு யாருன்னு உங்க வாயால சொல்லுங்க" என்றார். மெஷினைச் சொன்னால் ஆளைச் சொன்ன மாதிரிதான். அது பேச்சியின் சைடு. அவள் கூட்டத்தில் மூன்றாவது வரிசையில் நின்றாள்.

"ஷிப்டுக்குப் பொறுப்பு நான் சார். பாபின் நிறத்தைச் சுத்திப் பாக்க வேண்டியதும் நான்தான். என்ன நடந்ததுன்னு பாத்து, இனிமே நடக்காம செய்யுதேன்" என்றேன்.

"நான் பேரைக் கேட்டேன்."

"என் பேரை எழுதிக்கிடுங்க சார்."

அவர் நோட்டை எடுத்தார். எழுதிக்கொண்டார். அந்த வருடம் எனக்கு வர வேண்டிய சம்பள உயர்வு வரவில்லை. அதை நான் பெரிதாக நினைக்கவில்லை. அன்றைக்குப் பெண்கள் எல்லாரும் என்னோடு பஸ் ஸ்டாண்டு வரை நடந்து வந்தார்கள். சாப்பாட்டு அறையில் மறுபடியும் அப்பளம் கை மாறியது. வெளியாள் முன்னால் நம் ஆளை விட்டுக்கொடுக்காமல் நிற்பது எனக்கு அவ்வளவு கஷ்டமாக இல்லை, பாப்பா. கூட நாலு பேர் நிற்பார்கள், நமக்கும் நம்மேல் கொஞ்சம் பெருமை வரும். அதற்குப் பிறகு உள்ளே செய்ய வேண்டிய வேலை இருக்கிறதே, அதற்குத்தான் யாரும் கூட வரமாட்டார்கள்.

பேச்சி அப்படித் தப்புச் செய்கிற ஆள் இல்லை. அதனால் மறுநாளிலிருந்து அவளைக் கவனித்தேன். அவள் பாபினை எடுத்ததும் மாட்டவில்லை. டியூப் லைட் பக்கம் தூக்கிப் பார்த்துவிட்டு மாட்டினாள். அறுந்த இழையைக் கண்ணால் தேடாமல் விரலால் தடவித் தேடினாள். பக்கத்து மெஷின் பெண் கையசைத்துக் கூப்பிட்டபோது அவள் திரும்பவே இல்லை. உதட்டைப் பார்த்தே ஊர்க்கதை பேசியவள் என் உதட்டைப் பார்த்துப் பதில் சொல்லி எவ்வளவு நாளாகிறது என்று அப்போதுதான் யோசித்தேன். அவளைச் சைக்கிள் ஸ்டாண்டு பக்கம் கூட்டிக்கொண்டு போய், "ஏட்டி, கண்ணுக்கு என்ன?" என்று கேட்டேன்.

முதலில் ஒன்றுமில்லை என்றாள். தூக்கமில்லை என்றாள். பிறகு புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். "ஒரு கண்ணு சுத்தமாத் தெரியல. இன்னொன்னுல புகையடிச்ச மாதிரி இருக்கு. வெள்ளையும் மஞ்சளும் எனக்கு ஒண்ணுபோலத்தான் இருக்கு. எங்க அக்காவுக்கு ஆபரேசன் பண்ணி, அவளுக்கு இருந்த கண்ணும் போச்சு. நான் மாட்டேன். மூத்தவன் படிப்பு இந்த வருசத்தோட முடியுது. அதுவரைக்கும் பொறுத்துக்கோ. கண்ணு தெரியலைன்னு ஒருத்தருக்கும் சொல்லிராத. ஒரு மில்லுலயும் வாசல்படி மிதிக்க விடமாட்டான்." என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். நான் யாரிடமும் சொல்ல மாட்டேன் என்றேன். டாக்டரிடம் போகலாம், நான் கூட வருகிறேன் என்று கெஞ்சினேன். அவள் மாட்டேன் என்று தலையை ஆட்டிவிட்டு மெஷினுக்குப் போய்விட்டாள்.

அந்த வாரமே அது நடந்தது. மெஷின் தலைமாட்டில் பெல்ட் ஓடுகிற இடத்தில் மூடி இருக்கும். மெக்கானிக் அதைக் கழற்றி வைத்துவிட்டு, ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவிட்டு, சாமான் எடுக்கப் போயிருந்தான். பேச்சி எப்போதும் போல அந்த முனையில் திரும்பினாள். சிவப்புத் துணியையும் பார்க்கவில்லை, திறந்திருந்ததையும் பார்க்கவில்லை. புடவைக்கு மேல் எல்லாரும் போடுகிற வேலைக் கோட்டின் ஓரம் பெல்ட்டை உரசப் போன நேரத்தில் பக்கத்து மெஷின் பெண் பின்னாலிருந்து அவளைப் பிடித்து இழுத்தாள். இரண்டு பேரும் தரையில் விழுந்தார்கள். பேச்சி எழுந்து, வழுக்கிவிட்டது என்று சிரித்தாள். எல்லாரும் வழுக்கிவிட்டது என்றே நினைத்தார்கள். நான் ஹாலின் இந்தப் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு மட்டும் அது வழுக்கல் இல்லை என்று தெரியும்.

யாரையும் கேட்க முடியாது. உன் அப்பாவுக்குப் போன் கிடைக்கவில்லை. உன்னிடம் சொல்கிற விசயம் இல்லை. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வரும்போது மேற்கே மலையைப் பார்த்துக்கொண்டே வந்தேன். அவள் கை போயிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று நினைத்தபோது, செய்ய வேண்டியது என்ன என்று தெரிந்துவிட்டது. அதை முதலில் யாரிடம் சொல்ல வேண்டும் என்பதும் தெரிந்தது. மேனேஜரிடம் போவதற்கு முன்னால் அவளிடம் போக வேண்டும். அவளைப் பற்றி எடுக்கிற முடிவை அவள் என் வாயிலிருந்து, என் முகத்தைப் பார்த்துத்தான் கேட்க வேண்டும்.

மறுநாள் ஷிப்ட் தொடங்குவதற்கு முன்பே அவளைக் கூப்பிட்டேன். "இன்னையிலயிருந்து ஒன்ன மெஷின்ல விட முடியாது பேச்சி. வாசல் பக்கம் பிள்ளைக காப்பகத்துல ஆள் இல்ல. கொஞ்ச நாள் அங்க இரு. கண்ணுக்கு வைத்தியம் பாத்துட்டு வா. ஒன் சைடை ஒனக்கே தாரேன், அது என் பொறுப்பு" என்றேன்.

அவள் என்னையே பார்த்தாள். எவ்வளவு தெரிந்ததோ தெரியவில்லை. "பிள்ளைகளுக்குக் கால் கழுவிவிடவா என்ன அனுப்புத?" என்றாள்.

"ஒனக்கு எதும் ஆயிரக் கூடாதுன்னுதான்டி சொல்லுதேன்."

"நீ சொல்லலைன்னா யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியுமேடி."

அவள் கோட்டைக் கழற்றி மடித்து என் கையில் வைத்தாள். "சரிங்க மேடம்" என்றாள். சாப்பாட்டு அறையில் அவள் கேலியாகச் சொல்வாளே, அந்த மேடம் இல்லை இது.

நான் மேனேஜரிடம் போய், பேச்சிக்கு உடம்பு முடியவில்லை, மெஷினில் நிற்க வேண்டாம், காப்பகத்துக்கு மாற்றுங்கள் என்றேன். அவர் கெட்டிக்காரர். "அப்ப அன்னைக்கு நூலைக் கலந்தது அவங்கதான்னு ஒத்துக்கறீங்களா?" என்றார். "அது முடிஞ்சு போச்சு சார். அதுக்கு என் பேரை எழுதிட்டிங்க. இது வேற விசயம்" என்றேன். என்ன உடம்புக்கு என்று கேட்டார். அதை நான் சொல்ல முடியாது, அவள் திரும்பி வரும்போது டாக்டர் சீட்டோடு வருவாள் என்றேன். என்ன நினைத்தாரோ, சரி என்றார். அந்த ஒரு காரியத்துக்காக அவர் மேல் எனக்கு மரியாதை உண்டு.

ஆனால் பேச்சி காப்பகத்துக்கு வரவில்லை. மில்லுக்கே வரவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததை நீ ஊகித்துக்கொள்ளலாம். பேச்சி யாரிடமும் கண்ணைப் பற்றிச் சொல்லவில்லை. நானும் சொல்ல முடியாது, வாக்குக் கொடுத்திருந்தேன். வாக்கு ஒரு பக்கம் இருக்கட்டும், வெளியே தெரிந்தால் அந்தப் பக்கத்தில் அவளுக்கு எங்கேயும் வேலை கிடைக்காது. அதனால் மற்றவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் இவ்வளவுதான். நூல் கலந்தது பேச்சியின் மெஷினில். மேடம் எல்லார் முன்னாலும் பெரிய மனது காட்டினாள். நாலு நாள் கழித்து, யாருக்கும் தெரியாமல் அவளை வெளியே தள்ளிவிட்டாள். ஒருத்தி என் காதில் விழும்படியே, "முன்னால தட்டிக்குடுத்துட்டுப் பின்னால குழி பறிச்சிட்டாவ" என்றாள். என் வாயிலிருந்து ஒரே ஒரு வார்த்தை வந்திருந்தால் போதும், அத்தனை பேரும் என் பக்கம் வந்திருப்பார்கள். அதைச் சொல்லாமல், போய் அவரவர் மெஷினைப் பாருங்கள் என்றேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சேத்தூருக்குப் போனேன். கதவைத் திறந்தவள் என்னைக் குரலை வைத்துத்தான் அடையாளம் கண்டாள். உள்ளே வா என்று சொல்லவில்லை. "எங்க வீட்டுக்கெல்லாம் எதுக்கு வந்திய மேடம்?" என்றாள். நான் வாங்கிப் போயிருந்த பழத்தைப் படியில் வைத்தேன். டாக்டர் பெயரைச் சொன்னேன், மதுரையில் எந்தக் கிழமை போக வேண்டும், யாரைப் பார்க்க வேண்டும் என்றெல்லாம் சொன்னேன். அவள் கதவைப் பிடித்துக்கொண்டு நான் பேசி முடிக்கிற வரைக்கும் நின்றாள். பிறகு சாத்திக்கொண்டாள். திரும்பி வருகிற பஸ் கிடைக்க நேரமானது. அந்த பஸ் ஸ்டாப்பில் நின்றபோது இருந்த மாதிரி ஒரு தனிமை, உன் அப்பா இறந்து எல்லா உறவுக்காரர்களும் கிளம்பிப் போன அன்றைக்குக்கூட எனக்கு இல்லை.

நான் ஓய்வு பெறுகிற வரையில் சாப்பாட்டு அறையில் தனியாகத்தான் சாப்பிட்டேன். பழைய ஆட்கள் போய்ப் புதுப் பெண்கள் வந்தார்கள். அவர்களுக்கு இந்தக் கதை தெரியாது, ஆனால் மேடம் தனியாகச் சாப்பிடுவார் என்பது அதற்குள் வழக்கமாகிவிட்டது. வேலையில் யாரும் எனக்குக் குறை வைக்கவில்லை. மரியாதையாகப் பேசினார்கள், தப்பு நடந்தால் வந்து சொன்னார்கள். மேனேஜரிடம் விடாமல் கேட்டு, வருடத்துக்கு ஒரு தடவை கண் பரிசோதனை வேனை மில் வாசலுக்கு வரவழைத்தேன். வேலை பார்க்கிற எல்லாரும் போக வேண்டும், கண் சரியில்லை என்று வந்தால் வைத்தியம் முடிகிறவரை வேறு வேலை, பிறகு அதே மெஷின். இதை எழுத்தில் வாங்க எனக்கு நெடுநாள் பிடித்தது. அந்த வேன் வரும் நாளில் பெண்கள் சிரிப்பார்கள், மேடத்துக்குக் கண் டாக்டர் சொந்தக்காரர் போல என்பார்கள். பல பேருக்குக் கண்ணாடி கிடைத்தது. இரண்டு பேர் ஆபரேசன் செய்துகொண்டு திரும்பி வந்து அதே சைடில் நின்றார்கள். முதல் ஆள் அப்படித் திரும்பி வந்த அன்றைக்கு நான் பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு வெகு நேரம் நின்றேன்.

இப்போது உன் விசயத்துக்கு வருகிறேன். நித்யாவின் வேலை ஏன் சரியில்லை என்று உனக்குத் தெரியுமா? நீ போனில் அதைச் சொல்லவில்லை. முதலில் அதைப் பார். கேட்பதற்கு முன்னால் கொஞ்ச நாள் கவனி. அவள் எதையாவது மறைத்தால், அதற்குப் பின்னால் ஒரு பயம் இருக்கும். அந்தப் பயம் என்ன என்று தெரியாமல் நீ எது சொன்னாலும் அவளுக்குத் திட்டாகத்தான் கேட்கும். தெரிந்த பிறகு, செய்ய வேண்டியது கசப்பாக இருந்தால், அவளைக் கூப்பிட்டு நீயே சொல். மெயிலில் அனுப்பாதே, வேறு ஆளை விட்டுச் சொல்லாதே, உன் மேலதிகாரி சொல்கிறார் என்று அவர் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளாதே. அவள் சொல்லும் ரகசியம் உன்னிடமே இருக்கட்டும். அதை வெளியே சொன்னால் உனக்கு நல்ல பெயர் கிடைக்கும் என்று ஒரு சந்தர்ப்பம் கட்டாயம் வரும். அப்போதுதான் உனக்கு ரொம்பக் கஷ்டமாக இருக்கும்.

இவ்வளவும் செய்தால் நித்யா உன்னைப் புரிந்துகொள்வாள் என்று நான் சொல்ல மாட்டேன். புரிந்துகொள்ளலாம். உன் அம்மாவுக்குக் கிடைக்காதது உனக்குக் கிடைக்கட்டும். கிடைக்காமலும் போகலாம். அப்படிப் போனாலும் செய்தது தப்பாகிவிடாது. இதை எனக்கு யாராவது அந்தக் காலத்தில் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பேச்சியைப் பற்றி மீதியையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு வருடம் அவள் வீட்டிலேயே இருந்தாளாம். பிறகு மூத்த பையன்தான் கட்டாயப்படுத்தி மதுரைக்குக் கூட்டிப்போய் ஆபரேசன் செய்து வைத்திருக்கிறான். நான் சொன்ன டாக்டரா, வேறு டாக்டரா என்று தெரியாது. பேண்டேஜ் துணி நெய்கிற பட்டறை ஒன்றில் வேலைக்குப் போனாள், இப்போது பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருக்கிறாள் என்று மில்லில் இருந்த ஒருத்தி சொன்னாள். கேட்டுக்கொண்டேன். அதற்கு மேல் விசாரிக்கவில்லை.

இந்த வருடம் ஆடிப்பூரத் தேர் அன்றைக்குக் கூட்டத்தில் போக வேண்டாம் என்று நீ போனில் சொன்னாய். நான் போனேன். வீட்டில் உட்கார்ந்து என்ன செய்வது? தேர் திரும்பிப் போன பிறகு, ரத வீதியில் ஜனம் கலையாமல் நின்ற நேரம். எதிர்ப்பக்கத்துக்கும் எனக்கும் நடுவில், தெருவின் அகலம் முழுவதும் கூட்டம். அந்தப் பக்கத்தில் ஒரு கடை வாசலில் பேச்சி ஒரு பெண் பிள்ளைக்குச் செருப்புப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். முடி முழுக்க நரைத்துவிட்டது. கண்ணாடிகூடப் போடவில்லை. என்ன தோன்றியதோ, நிமிர்ந்து பார்த்தாள். அவ்வளவு தலைகளுக்கு நடுவில், அவ்வளவு தூரத்திலிருந்து, நேராக என்னைத்தான் பார்த்தாள். இன்னார் என்று அடையாளம் தெரிந்துவிட்டது, அது அவள் முகத்தில் தெரிந்தது. நான் கையைத் தூக்கப் போனேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு, பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு, கூட்டத்துக்குள் யார்மேலும் இடிக்காமல் விறுவிறுவென்று நடந்து போய்விட்டாள்.

அவள் போன திக்கையே பார்த்துக்கொண்டு நின்றேன். பக்கத்தில் நின்ற ஒரு பெண், "என்னம்மா, யாரையும் தவறவிட்டுட்டீங்களா?" என்று கேட்டாள். "இல்லம்மா, அவளுக்கு நல்லாக் கண்ணு தெரியுது" என்றேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. சிரித்துவிட்டு நகர்ந்துவிட்டாள்.

உன் அம்மா